நெல்லில் எக்ஸ்டென்சின் எங்கே போனது?

கடுகுக்கு உறவான அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் ஒரே ஒரு சுவர்ப் புரத மரபணு பழுதானால் கரு விதைக்குள்ளேயே உருக்குலைகிறது. செல்கள் தாறுமாறாகப் பிரிகின்றன. வேர், தண்டு, இரண்டையும் இணைக்கும் கீழ்த்தண்டு எதற்கும் சரியான வடிவம் வருவதில்லை. 2002-இல் ஹாலும் கேனனும் இதை வெளியிட்டபோது அந்தப் புரதம் எக்ஸ்டென்சின் குடும்பத்தைச் சேர்ந்தது என்று காட்டினார்கள். அதே வார்ப்பில் அமைந்த, ஒன்றோடொன்று பிணைந்து வலையாகும் எக்ஸ்டென்சினை நெல்லும் கோதுமையும் மக்காச்சோளமும் அடங்கிய புல் குடும்பத்தில் தேடினால் அகப்படுவதில்லை. ஒரு செடியின் கருவுக்கு உயிர்நாடியாகத் தெரியும் மூலக்கூறு இல்லாமலே உலகின் பாதித் தட்டை நிரப்பும் குடும்பம் எப்படிச் செழிக்கிறது என்பதுதான் இந்த ஆய்வின் பொருள்.

முதலில் குடும்பத்தை அறிமுகப்படுத்திவிடுகிறேன். தாவர செல்லின் வெளிப்பரப்பில் சர்க்கரை ஏறிய புரதங்கள் பலவகை. அவற்றில் பெரிய கூட்டம் ஹைட்ராக்சிபுரோலின் என்ற அமினோ அமிலம் மிகுந்த கிளைக்கோபுரதங்கள். அராபினோகாலக்டன் புரதங்கள், எக்ஸ்டென்சின்கள், புரோலின் மிகுந்த புரதங்கள் என்று இவற்றை மூன்றாகப் பிரிப்பது வழக்கம். முதல் வகையில் எடையில் பத்தில் ஒன்பது பங்கோ அதற்கு மேலோ சர்க்கரைதான். சூடானிலிருந்து வரும் வேலம்பிசினில் இருப்பது இந்த வகை. குளிர்பானத்தில் வாசனை எண்ணெயின் துளிகள் பிரிந்து மிதக்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. மூன்றாம் வகையில் சர்க்கரை சொற்பம். எக்ஸ்டென்சின் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 2010-இல் ஒஹையோ பல்கலைக்கழகத்தின் ஆலன் ஷோவால்டர் குழு அராபிடாப்சிஸ் மரபணுத் தொகுப்பை அலசி, மொத்தம் 166 புரதங்களைப் பட்டியலிட்டது: அராபினோகாலக்டன் வகை 85, எக்ஸ்டென்சின் 59, புரோலின் மிகுந்தவை 18, இரண்டு வகையின் சாயலும் கலந்தவை 4. ஒரு சிறு களைச்செடிக்கு இத்தனை.

கதை தொடங்குவது 1960-இல், கேம்பிரிட்ஜில். டெரிக் லாம்போர்ட்டும் நார்த்கோட்டும் சிக்கமோர் மரத்தின் செல்களைக் குடுவையில் வளர்த்து, சுவரைத் தனியே பிரித்து, அமிலத்தில் உடைத்துப் பார்த்தார்கள். அதில் ஹைட்ராக்சிபுரோலின் நிறைய இருந்தது. அதுவரை அந்த அமினோ அமிலம் என்றால் எல்லாருக்கும் நினைவு வந்தது விலங்குகளின் தோல், தசைநாண், எலும்பு ஆகியவற்றில் உள்ள கொலாஜன்தான். செல்சுவர் என்பது செல்லுலோஸும் பிற கூட்டுச் சர்க்கரைகளும் மட்டுமே என்று நினைத்திருந்த காலத்தில் இது உறுத்தலான செய்தி. செல் நீள்வதற்கு இந்தப் புரதம் உதவுகிறது என்று லாம்போர்ட் கருதினார். பெயரும் அப்படியே வந்தது. பிற்காலச் சான்றுகள் பெரும்பாலும் எதிர்த்திசையையே காட்டின: வளர்ச்சி ஓயும் இடத்தில், காயம் பட்ட இடத்தில், நோய்க்கிருமி நுழையும் இடத்தில் சுவரைப் பூட்டும் பொருளாகவே எக்ஸ்டென்சின் அதிகம் தென்பட்டது.

1967-இல் லாம்போர்ட் இன்னொரு முடிச்சையும் அவிழ்த்தார். ஹைட்ராக்சிபுரோலினில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆக்சிஜன் வழியாகத்தான் சர்க்கரை ஒட்டுகிறது என்று கண்டார். கொலாஜனில் இப்படி நடப்பதில்லை; அங்கே சர்க்கரை ஏறுவது ஹைட்ராக்சிலைசினில். ஆக இரண்டு புரதங்களும் ஒரே அமினோ அமிலத்தைப் பயன்படுத்தினாலும் தாவரம் அதைச் சர்க்கரை மாட்டும் கொக்கியாக்கிக்கொண்டது.

அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆராய்ச்சி நொண்டியது. சுவருக்குள் போய்ப் பூட்டிக்கொண்ட எக்ஸ்டென்சினை முழுதாக வெளியே இழுக்க எந்தக் கரைசலாலும் முடியவில்லை. சுவரைச் சிதைத்தால் துண்டுகள்தான் கிடைத்தன. கடைசியில் கைகொடுத்தது எளிய உத்தி. உயிருள்ள செல்களையே உப்புக் கரைசலில் அலசினால், அப்போதுதான் சுவருக்கு வந்து இன்னும் பூட்டப்படாத மூலக்கூறுகள் கழன்று வருகின்றன. 1980-களில் தக்காளி செல்களிலிருந்து இப்படிப் பிரித்தெடுத்தார்கள். 1985-இல் சென்னும் வார்னரும் காயப்படுத்திய கேரட் கிழங்கிலிருந்து எக்ஸ்டென்சின் மரபணுவை எடுத்து வரிசைப்படுத்தினார்கள்.

வரிசையைப் பார்த்தால் கண்ணைக் கட்டும் அளவுக்கு ஒரே பல்லவி. ஒரு செரின், அதன் பின் நான்கு புரோலின். மறுபடி செரின், நான்கு புரோலின். இடையிடையே டைரோசினும் லைசினும். ஆனால் இந்தப் பல்லவியின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வேலை உண்டு. தொடர்ந்து நிற்கும் புரோலின்கள் ஹைட்ராக்சிபுரோலினாகி, அவற்றின்மேல் அராபினோஸ் சர்க்கரை சிறு சங்கிலிகளாக ஏறும்போது மூலக்கூறு சுருண்டு மடியாமல் விறைத்த கம்பியாகிறது. கேரட் எக்ஸ்டென்சின் மின்னணு நுண்ணோக்கியில் 84 நானோமீட்டர் நீளமுள்ள மெல்லிய கோலாகத் தெரிந்தது. லைசின்கள் நேர்மின்னூட்டம் தருகின்றன. சுவரில் உள்ள பெக்டின் என்ற கூட்டுச் சர்க்கரை எதிர்மின்னூட்டம் கொண்டது, இரண்டும் ஈர்த்துக்கொள்கின்றன. டைரோசின்கள்தான் பூட்டு. ஒரு டைரோசின், நடுவில் வேறொன்று, மறுபடி டைரோசின் என்ற அமைப்பு வந்தால், பெராக்சிடேஸ் நொதியும் ஹைட்ரஜன் பெராக்சைடும் அந்த இரண்டையும் இணைத்துவிடும். 1982-இல் ஸ்டீபன் ஃப்ரை இந்த இணைப்பை அடையாளம் கண்டார். அது ஒரே சங்கிலிக்குள் விழும் முடிச்சு. 1996-இல் அவரது குழுவே நான்கு டைரோசின்கள் சேர்ந்த பெரிய முடிச்சைக் கண்டது. அண்டைச் சங்கிலிகளைத் தைக்க அது போதும்.

2008-இல் கேனன் குழு, கருவை உருக்குலைத்த அந்த மரபணுவின் புரதமான எக்ஸ்டென்சின்-3ஐத் தூய்மையாக்கி அணுவிசை நுண்ணோக்கியின் கீழ் வைத்தபோது, கம்பிகள் தாமாகவே பக்கவாட்டில் ஒட்டிக் கிளைத்து வலையாக விரிந்தன. பிரியும் இரண்டு செல்களுக்கு நடுவில் புதுச் சுவர் எழும்பும்போது முதல் சாரக்கட்டு இதுதான், நேர்மின்னூட்ட வலையின்மேல் பெக்டின் வந்து படிகிறது என்பது அவர்கள் முன்வைத்த படம். சடுதிமாற்றமடைந்த கருவில் குறுக்குச் சுவர்கள் பாதியில் நின்றுபோவதற்கு அது பொருத்தமான விளக்கம்.

இங்கே சற்று விலகி ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பரிணாமப் பகுதி புரியாது. புரோலின்கள் அடுத்தடுத்து நின்றால் அவற்றில் அராபினோஸின் குட்டைச் சங்கிலிகள் ஏறுகின்றன. ஓர் அலனினோ செரினோ திரியோனினோ நடுவில் புகுந்து அவற்றைத் தனித்தனியாக்கினால், அதே இடத்தில் காலக்டோஸும் அராபினோஸும் கலந்த பெரிய கிளைத்த சர்க்கரை ஏறுகிறது. மார்சியா கீலிஷெவ்ஸ்கி முன்வைத்த கருதுகோள் இது. 1999-இல் அவரது குழு ஆய்வகத்தில் செயற்கையாக எழுதிய மரபணுக்களைப் புகையிலை செல்களில் நுழைத்து இதைச் சோதித்தது, விதி நின்றது. இதன் விளைவு பெரியது. ஒரு மரபணுவில் சில எழுத்துகள் மாறினாலே விறைத்த கம்பியாக இருந்த புரதம், நீரை உறிஞ்சிப் பருக்கும் அராபினோகாலக்டன் புரதமாகிவிடலாம். சர்க்கரை ஏற்றும் நொதிகள் ஏற்கெனவே காத்திருக்கின்றன, வரிசை சொல்வதை அவை செய்கின்றன. செல்பரப்புப் புரதங்களில் இவ்வளவு வகை எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு என் முதல் பதில் இந்த விதிதான்.

சர்க்கரை ஏறாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். 2011-இல் வெலாஸ்கஸ் குழு, புரோலினை ஹைட்ராக்சிபுரோலினாக்கும் நொதிகளையும் அராபினோஸ் ஏற்றும் நொதிகளையும் அராபிடாப்சிஸில் முடக்கியபோது வேர்த்தூவிகள் குட்டையாகிப்போயின.

இனி தேடல். சாதாரணமாக ஒரு புரதத்தின் உறவுகளை வேறு செடிகளில் தேட, வரிசையைக் கொடுத்து பிளாஸ்ட் போன்ற நிரலை ஓட்டுவார்கள். எக்ஸ்டென்சினில் இது காலை வாரிவிடும். ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளைப் பொருளற்ற இரைச்சல் என்று கருதி மறைத்துவிடும் வடிகட்டி அந்த நிரலிலேயே இருக்கிறது; எக்ஸ்டென்சின் முழுவதும் அப்படிப்பட்ட பகுதிதான். வடிகட்டியை எடுத்துவிட்டால் புரோலின் மிகுந்த எதுவும் எதனோடும் ஒத்துப்போகும். டிஎன்ஏ படியெடுக்கும்போது திரும்பவரும் பகுதிகள் வழுக்கி நீள்வதும் குறுகுவதும் உண்டு. அதனால் உண்மையிலேயே ஒரே மூதாதையிடமிருந்து வந்த இரண்டு மரபணுக்கள் வேற்றாள் போல நிற்கும். தொடர்பில்லாத இரண்டு, இரட்டையர் போலத் தோன்றும். குடும்ப மரம் வரைவது இங்கே கிட்டத்தட்ட வீண் வேலை.

ஆஸ்திரேலியாவில் கிம் ஜான்சன், கரோலின் ஷல்ட்ஸ் ஆகியோரின் குழு வேறு வழி எடுத்தது. வரிசையை வரிசையோடு ஒட்டிப் பார்ப்பதை விட்டு, எண்ணத் தொடங்கினார்கள். புரோலின், அலனின், செரின், திரியோனின் மிகுந்ததா? புரோலின், செரின், டைரோசின், லைசின் மிகுந்ததா? செரினுக்குப் பின் புரோலின் வரிசை எத்தனை முறை வருகிறது? டைரோசின் இரட்டைகள் எத்தனை? இந்தக் கணக்கைக் கொண்டு ஒவ்வொரு புரதத்தையும் ஒரு வகுப்பில் போட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாவரங்களின் ஆர்என்ஏ வரிசைகளைத் திரட்டிய ஆயிரம் தாவரத் திட்டத்தின் தரவுமீது இதை ஓட்டி, 2017-இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

கிடைத்த படம் இது. செல்சவ்வில் கொழுப்பு நங்கூரத்தால் பிணைந்து நிற்கும் அராபினோகாலக்டன் புரதங்கள் பச்சைப் பாசிகளிலேயே தோன்றிவிட்டன. லிவர்வோர்ட், மாஸ் ஆகிய தொடக்ககால நிலத் தாவரங்களில் அவற்றின் எண்ணிக்கை மூன்று, நான்கு மடங்காகிறது. செரினும் புரோலினும் சேர்ந்த அடிப்படை அமைப்பும் பாசிகளிலேயே உண்டு. ஆனால் அதோடு டைரோசின் பூட்டும் சேர்ந்த, வலையாகும் எக்ஸ்டென்சின் முதன்முதலில் தென்படுவது லிவர்வோர்ட், மாஸ் அடங்கிய பிரையோஃபைட்டுகளில்தான். புதிதாக ஒன்றை உருவாக்காமல், கையிலிருந்த இரண்டு துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால் பிறந்த புரதம் என்பது ஆய்வாளர்களின் வாசிப்பு.

பாசி என்றதும் கிளாமிடோமோனாஸைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. அந்த ஒற்றைச் செல் பாசியின் சுவரில் செல்லுலோஸே இல்லை. சுவர் முழுவதும் ஹைட்ராக்சிபுரோலின் மிகுந்த கிளைக்கோபுரதங்கள், அதுவும் படிகம் போல ஒழுங்காக அடுக்கியவை. அதன் உறவான வால்வாக்ஸ், ஆயிரக்கணக்கான செல்களை ஒரே பந்தாகப் பிடித்துவைக்க, ஃபெரோஃபோரின் என்ற புரதங்களை அதே பாணியில் செய்துகொள்கிறது. நிலத் தாவரங்கள் இந்தக் கிளையிலிருந்து வரவில்லை. இவை தூரத்துப் பங்காளிகள். என்றாலும் சர்க்கரையேறிய புரோலின் கம்பிகளைக் கொண்டு மட்டுமே ஒரு முழுச் சுவரைக் கட்ட முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இந்தப் பக்கம் புரதம் மட்டும் வைத்துக் கட்டிய பாசி, அந்தப் பக்கம் அதே புரதத்தின் பூட்டும் வகையைக் கைவிட்ட புல். நடுவில் மற்ற செடிகள்.

புல்லில் இழப்பு என்ற அறிவிப்பைக் கேட்டதும் முதலில் எழும் சந்தேகம், பார்க்கத் தவறிவிட்டார்களோ என்பது. நியாயமான சந்தேகம். ஆயிரம் தாவரத் திட்டத்தில் கிடைத்தவை துண்டு வரிசைகள். ஒரே மாதிரி எழுத்துகள் திரும்பவரும் இடத்தில் துண்டுகளைச் சரியாகக் கோக்க முடியாது. எக்ஸ்டென்சின் மரபணு பாதியில் அறுந்துபோக வாய்ப்பு அதிகம். அதோடு, எடுத்த திசுவில் அந்த மரபணு அப்போது இயங்காவிட்டால் ஆர்என்ஏவே இருக்காது. ஆனால் நெல்லுக்கு முழு மரபணுத் தொகுப்பே 2005-இலிருந்து கையில் இருக்கிறது. மக்காச்சோளத்துக்கும் உண்டு. முழுத் தொகுப்புகளை அலசியவர்களும் ஒருவித்திலைகளில் இந்த வார்ப்பு அரிது, இருவித்திலைகளில் ஏராளம் என்றே கண்டார்கள். ஷோவால்டர் பங்கேற்ற 2016-ஆம் ஆண்டு ஆய்வும் அவற்றில் ஒன்று.

இரண்டாவது சந்தேகம் வரையறை பற்றியது. எண்ணிக்கை வரம்பு வைத்துத் தேடினால் வரம்புக்குச் சற்றுக் கீழே நிற்பவை விடுபடும். இதற்கு விடை உயிர்வேதியியலில் இருக்கிறது. புல் செல்களின் சுவரில் ஹைட்ராக்சிபுரோலின் மிகக் குறைவு என்பது 1970-களில் ஒருவித்திலை செல்களை வளர்த்து அலசியபோதே தெரிந்த செய்தி. 1987-இல் கீலிஷெவ்ஸ்கியும் லாம்போர்ட்டும் மக்காச்சோளத்திலிருந்து எக்ஸ்டென்சின் சாயலுள்ள ஒரு புரதத்தைப் பிரித்தார்கள். அது திரியோனின் மிகுந்தது. தக்காளி, கேரட் வார்ப்போடு பொருந்தாத வேறொரு இசை. ஆகவே புல்லில் ஒன்றுமே இல்லை என்று சொல்வது தவறு. பூட்டிக்கொள்ளும் செவ்வியல் வகை இல்லை என்பது சரி. மூன்று தனித்தனித் திசையிலிருந்து வந்த சான்றுகள் ஒத்துப்போவதால், இழப்பு மெய் என்றே நான் கொள்கிறேன்.

அப்படியானால் அந்த வேலையை யார் செய்கிறார்கள்? புல்லின் சுவரைக் கிழித்துப் பார்த்தால் பதில் பாதி கிடைத்துவிடும். 1993-இல் கார்பிட்டாவும் கிபோவும் பூக்கும் தாவரங்களின் முதல்நிலைச் சுவர்களை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். இருவித்திலைகளிலும் பல ஒருவித்திலைகளிலும் உள்ள முதல் வகையில் பெக்டின் தாராளம், புரதமும் கணிசம். புல்லின் இரண்டாம் வகையில் பெக்டினும் குறைவு, கட்டமைப்புப் புரதமும் குறைவு. செல்லுலோஸ் இழைகளுக்கு நடுவே அராபினோஸ் கிளைகள் கொண்ட சைலான் என்ற கூட்டுச் சர்க்கரை நிறைந்திருக்கிறது. அந்த அராபினோஸின் நுனியில் ஃபெருலிக் அமிலம் தொங்குகிறது. பெராக்சிடேஸும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வந்தால் இரண்டு ஃபெருலிக் அமிலங்கள் இணைந்து இரண்டு சைலான் சங்கிலிகளைத் தைத்துவிடும். எக்ஸ்டென்சினில் டைரோசினைப் பூட்டிய அதே வகை நொதி, அதே ஆக்சிஜனேற்ற வேதியியல். பூட்டு மாட்டியிருக்கும் கதவு மட்டும் வேறு. இந்த அமிலம் புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும், அம்மோனியா பட்டால் பச்சையாகும். நுண்ணோக்கியில் எந்தச் சாயமும் இல்லாமலே புல்லின் சுவரை அடையாளம் காணலாம்.

மின்னூட்டக் கணக்கும் இதோடு பொருந்துகிறது. எக்ஸ்டென்சின் வலைக்கு ஜோடி பெக்டின். பெக்டின் குறைந்த சுவரில் நேர்மின்னூட்டக் கம்பிக்குப் பற்றுவதற்கு ஆள் குறைவு. இது என் ஊகம்தான், ஆனால் ஜோடியில் ஒன்று தேய்ந்தால் மற்றது நிலைப்பது கடினம் என்பது பரிணாமத்தில் புதிதல்ல.

எது முன்னால் வந்தது என்ற கேள்விக்கும் ஒரு கைப்பிடி இருக்கிறது. சுவரில் ஃபெருலிக் அமிலம் ஏற்றுவது புல்லின் தனிச்சொத்து அல்ல. வாழை, தென்னை, இஞ்சி, அன்னாசி எல்லாம் அடங்கிய கமெலினிட் என்ற பெருங்கிளை முழுவதிலும் அது காணப்படுகிறது. ஆக அந்தத் தையல் முறை புல் குடும்பம் பிரிவதற்கு முன்பே கையில் இருந்தது. பழைய பூட்டு தொலைந்தபோது சுவர் அவிழ்ந்துவிடவில்லை, ஏனென்றால் மாற்றுப் பூட்டு ஏற்கெனவே தைத்துக்கொண்டிருந்தது. முதலில் இழந்துவிட்டுப் பிறகு ஈடுகட்டியதாக எழுதுபவர்களோடு இந்த இடத்தில் எனக்கு உடன்பாடில்லை.

இழப்பு நடந்தது புல்லில் மட்டுமல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். 2017 ஆய்வு வேறு சில கிளைகளிலும் இதைக் கண்டது. அப்படியென்றால் அராபிடாப்சிஸ் கருவின் கதி? அந்தக் கதையே பின்னால் திருத்தப்பட்டது. 2013-இல் கேனன் குழு எக்ஸ்டென்சின்-3 இல்லாத செடிகளைத் தொடர்ந்து கவனித்தபோது, உருக்குலைந்து முளைத்த கன்றுகளில் சில தாமாகவே தேறி, காய்க்கும் செடிகளாக வளர்ந்தன. சுவர் தொடர்பான வேறு மரபணுக்களின் இயக்கம் அவற்றில் மாறியிருந்தது. இன்றியமையாதது என்று 2002-இல் எழுதியது கருவின் தொடக்க நாட்களுக்குப் பொருந்தும்; செடியின் முழு வாழ்வுக்கு அல்ல. பாடநூல்கள் முதல் கட்டுரையை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவது வருத்தத்துக்குரியது, ஏனென்றால் புல் எப்படித் தப்பித்தது என்பதற்கான துப்பு இரண்டாம் கட்டுரையில்தான் இருக்கிறது.

புல் எல்லா எக்ஸ்டென்சின் சாயலையும் உதறிவிடவும் இல்லை. தலைப்பக்கம் லூசின் மிகுந்த பகுதியும் வால்பக்கம் எக்ஸ்டென்சின் பகுதியும் கொண்ட கலப்புப் புரதங்கள் உண்டு. அராபிடாப்சிஸில் அவை 11, நெல்லில் 8. தலைப்பகுதி சிறு புரதக் குறிகைகளைப் பற்றுகிறது. வால் சுவரில் ஊன்றிக்கொள்கிறது. செல்லுக்கு வெளியே நடப்பதை உள்ளே தெரிவிக்கும் ஏற்பாட்டின் ஓர் உறுப்பு இது. சாரக்கட்டாக நின்ற எக்ஸ்டென்சினை நெல் கைவிட்டது, நங்கூரமாக நின்றதை வைத்துக்கொண்டது. பெக்டின் குறைந்த நெல்லின் சுவரில் அந்த வால் எதைப் பற்றுகிறது என்பதைச் சோதிக்க வழி இருக்கிறது: அராபிடாப்சிஸின் வாலை நெல்லின் தலையோடும் நெல்லின் வாலை அராபிடாப்சிஸின் தலையோடும் ஒட்டி, இரண்டு செடிகளிலும் வேர்த்தூவி நீள்கிறதா என்று பார்ப்பது.